பாட வீடியோவுக்குக் கட்டற்ற மென்பொருள் போதுமா?

கேட்டவர் அரசு உதவி பெறும் பள்ளியில் வேதியியல் டீச்சர். பிளஸ் டூ பாடங்களைப் போனில் படம் பிடித்தும் கணினித் திரையைப் பதிவு செய்தும் யூடியூபில் போட்டு வருகிறார். லேப்டாப் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, விண்டோஸ் 10. எடிட்டிங்குக்குக் கடைக்காரர் போட்டுக் கொடுத்த கிராக் மென்பொருள், அது இப்போது மக்கர் செய்கிறது. அவர் கேட்டவை: முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற முடியுமா, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டே ஆக வேண்டுமா, தமிழ் எழுத்து உடையாமல் வருமா, எதற்குக் காசு செலவழிக்கலாம்?

முடியும், டீச்சர். கட்டற்ற மென்பொருள் என்றால், மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமமே இடம் கொடுப்பது. ஆனால் லினக்ஸிலிருந்து தொடங்காதீர்கள். ஆர்வமாக வந்து ஒரே மாதத்தில் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவர்கள். புது டெஸ்க்டாப், புது எடிட்டர், தமிழ்த் தட்டச்சுக்குப் புது ஏற்பாடு, போதாததற்குப் பிரிண்டர் வேறு அடம்பிடிக்கும். கோளாறு எதில் என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் ‘லினக்ஸ் நமக்குச் சரிப்படாது’ என்று முடித்துவிடுவார்கள்.

நீங்கள் முதலில் மென்பொருளை மட்டும் மாற்றுங்கள். நான் கீழே சொல்லப்போகும் ஓபிஎஸ், ஆடாசிட்டி, ஹேண்ட்பிரேக், கேடென்லைவ், இங்க்ஸ்கேப் எல்லாமே விண்டோஸிலும் ஓடும். ஒரு பருவம் அதிலேயே பழகுங்கள். பிறகு லினக்ஸுக்குப் போனால் அங்கேயும் இதே ஐகான்கள்தான் இருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே என்றைக்காவது மாறத்தான் வேண்டும், இந்த வாரமே என்றில்லை. இந்த வாரம் செய்ய வேண்டியது கிராக் மென்பொருளைக் கழற்றுவது. அதே லேப்டாப்பில்தானே நெட் பேங்கிங்கும் பார்க்கிறீர்கள்? கிராக் கோப்போடு கூட என்னென்ன ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. புதியவற்றை இறக்கும்போதும் தேடலில் முதலில் வரும் விளம்பரச் சுட்டியைத் தொடாதீர்கள். அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள்.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் எடிட்டர் திணறுவதற்குப் பாதிக் காரணம் எடிட்டரே இல்லை, போனிலிருந்து வரும் கோப்புதான். இப்போதைய போன்கள் இடத்தை மிச்சப்படுத்த எச்.265 முறையில் வீடியோவைச் சுருக்குகின்றன. நான்காம் தலைமுறை இன்டெல் சிப்பில் அதை விரிப்பதற்கென்று முழுமையான வன்பொருள் கிடையாது. எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில் விழும், பிளே பட்டனை அழுத்தினால் ஃபேன் கத்தும், படம் நின்று நின்று நகரும். காசு கொடுத்து வாங்கிய எடிட்டரானாலும் இந்தக் கணினியில் இதே கதிதான். போன் கேமரா செட்டிங்கில் ‘ஹை எஃபிஷியன்சி வீடியோ’ என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். ஐபோன் என்றால் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எச்.264-இல் பதிவாகும். 4கே வேண்டாம், 1080பி, 30 ஃபிரேம் போதும். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி வரும், அரை மணிப் பாடம் கிட்டத்தட்ட 4 ஜிபி.

போன் வீடியோவில் இன்னொரு தொல்லை உண்டு, அதைத்தான் பலர் எடிட்டரின் குற்றமென்று நினைக்கிறார்கள். 30 ஃபிரேம் என்று போட்டிருந்தாலும் போன் சீராக 30 எடுக்காது. வெளிச்சம் குறைந்தால் 24-க்கும் இறங்கும், மறுபடி ஏறும். ஆனால் எடிட்டர்கள் சீரான வேகத்தை எதிர்பார்த்தே கணக்குப் போடும். விளைவு, முதல் இரண்டு நிமிடம் சரியாக இருக்கும், பத்தாவது நிமிடத்தில் உங்கள் வாய் ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் போகும். இதற்கு வீடியோ கோப்பை வேறு வடிவுக்கு மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் போதும். கோப்பை அதில் போட்டு, வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட் 30, பக்கத்தில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’, தர அளவு 18 அல்லது 20 என்று வைத்து ஓடவிடுங்கள். பல கோப்புகளை வரிசையில் நிறுத்திவிட்டுச் சமையலைப் பார்க்கப் போகலாம். கேடென்லைவே இப்படிப்பட்ட கோப்பைக் கண்டால் ‘மாற்றித் தரட்டுமா’ என்று கேட்கும். நான் ஹேண்ட்பிரேக்கிலேயே முடித்துக்கொள்வேன், எடிட்டருக்குள் சுத்தமான கோப்பு மட்டும் நுழைந்தால் தலைவலி குறைவு.

திரைப் பதிவுக்கு ஓபிஎஸ். நேரலை விளையாட்டுக்காரர்களுக்காக 2012-இல் எழுதத் தொடங்கியது, இன்றைக்குப் பாடம் எடுப்பவர்களில் இருந்து செய்தி சேனல் நடத்துபவர்கள் வரை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரே ஒரு அமைப்பை மறக்காமல் பாருங்கள்: பதிவு வடிவம் எம்கேவி. எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகப் பதிவு முடிந்த பிறகே எழுதப்படும். பேட்டரி தீர்ந்த லேப்டாப்பில் நாற்பது நிமிடம் பேசி முடிக்கும் நேரத்தில் கரன்ட் போனால் அட்டவணை இல்லாத கோப்பு மிஞ்சும், எந்தப் பிளேயரும் திறக்காது. எம்கேவியில் அதுவரை பதிவானது அப்படியே இருக்கும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ என்று கொடுத்தால் சில நொடியில் எம்பி4 ஆகிவிடும். தரத்தில் குறைவு வராது, உறைதான் மாறுகிறது. ஓபிஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் ‘ஹைப்ரிட் எம்பி4’ என்ற வடிவமும் இதே பாதுகாப்போடு வந்திருக்கிறது. அப்படியே மைக்கை ஒரு டிராக்கிலும் கணினி ஒலியை இன்னொரு டிராக்கிலும் பிரித்துப் பதியுங்கள். நடுவில் வாட்ஸ்அப் ‘டிங்’ என்று அடித்தால் அந்த டிராக்கில் மட்டும் வெட்டலாம்.

வேதியியல் என்பதால் ஒன்று. அவகாட்ரோ என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. மூலக்கூறை அணு அணுவாகக் கட்டி, முப்பரிமாணத்தில் சுட்டியால் சுழற்றிக் காட்டலாம். மீத்தேனின் நான்முகி வடிவத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்குவதற்கும், ஓபிஎஸ்ஸில் பதிவை ஓடவிட்டு அதைத் திரையில் திருப்பிக்கொண்டே பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்வார்கள். கட்டணக் கருவிகளில் இருந்து இறங்கி வருவதாக நினைத்தவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஒலிக்கு ஆடாசிட்டி. பேசத் தொடங்கும் முன் ஐந்து நொடி வாயை மூடிக்கொண்டு பதியுங்கள். அந்த ஐந்து நொடியைத் தேர்ந்தெடுத்து ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ போய் இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டி, பிறகு முழுப் பதிவிலும் செலுத்தினால் ஃபேன் சத்தம் அடங்கிவிடும். அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். கடைசியாக ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ பகுதியில் மைனஸ் 14 அல்லது 16 என்று வைத்தால் எல்லாப் பாடமும் ஒரே சத்தத்தில் இருக்கும்.

எடிட்டருக்கு மூன்று பெயர்கள் சொல்வார்கள்: ஓப்பன்ஷாட், ஷாட்கட், கேடென்லைவ். ஓப்பன்ஷாட் கற்க எளிது, நீளமான டைம்லைனில் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. ஷாட்கட் இலகுவானது, நல்லது. தொடர்ந்து பாடம் போடப் போகிறவருக்கு நான் சொல்வது கேடென்லைவ். 2002-இல் ஆரம்பித்த திட்டம், இப்போது லினக்ஸ் டெஸ்க்டாப் உருவாக்கும் கேடிஈ குழுவின் கீழ் வளர்கிறது. 2019-இல் டைம்லைனை அடியோடு திரும்ப எழுதியபோது கொஞ்ச காலம் அடிக்கடி கவிழ்ந்தது, அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அப்படியில்லை. இருந்தாலும் தானாகவே காப்பு நகல் எடுத்து வைக்கும், ‘ஓப்பன் பேக்கப் ஃபைல்’ எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 8 ஜிபி கணினியில் கேடென்லைவ் சுகமாக ஓடப் பிராக்ஸி வசதியை இயக்குங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் சிறிய நகலை அதுவே செய்துகொள்ளும். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் அந்த நகலில் நடக்கும், கடைசியில் ரெண்டர் செய்யும்போது, அதாவது முழு வீடியோவாக வெளியே எடுக்கும்போது, மூலக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ரெண்டர் சாளரத்தில் ‘பிராக்ஸியைக் கொண்டு ரெண்டர் செய்’ என்ற பெட்டியில் டிக் இருக்கக் கூடாது, இருந்தால் மங்கலான வீடியோதான் கைக்கு வரும். யூடியூபுக்கு எம்பி4, எச்.264 போதும். ஒரு பாடம் முடிந்ததும் ‘ஆர்க்கைவ் பிராஜெக்ட்’ கொடுத்தால் சிதறிக் கிடக்கும் படம், ஒலி, வீடியோ எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துத் தரும். அடுத்த ஆண்டு பாடத்திட்டம் மாறி ஒரு வரியைத் திருத்த வேண்டி வந்தால் இதன் அருமை தெரியும். கேடென்லைவின் பிராஜெக்ட் கோப்பு வெறும் உரைக் கோப்பு, நோட்பேடில்கூடத் திறந்து பார்க்கலாம். சந்தா முடிந்துவிட்டது, உன் வேலையைத் திறக்க மாட்டேன் என்று அது சொல்லாது.

தமிழ் எழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே கட்டற்ற மென்பொருள் முன்னால் நிற்கிறது என்பதுதான் என் அனுபவம். எந்த மென்பொருளையும் சோதிக்க ‘ஹைட்ரோகுளோரிக்’ என்று தட்டிப் பாருங்கள். ‘ஹை’யில் குறி எழுத்துக்கு இடப்பக்கம் வர வேண்டும். ‘ரோ’விலும் ‘ளோ’விலும் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார வேண்டும். கணினி சேமித்து வைப்பது உச்சரிப்பு வரிசையில், அதாவது மெய், அதன் பின் உயிர்க்குறி. திரையில் அதை இடம் மாற்றி அடுக்குவதற்குத் தனி வேலை செய்ய வேண்டும். கட்டற்ற உலகில் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு. ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் இருப்பது இதுவே. கேடென்லைவின் டைட்டில் கிளிப், கோட்டுப் படம் வரையும் இங்க்ஸ்கேப், போட்டோ திருத்தும் கிம்ப் மூன்றும் இதைக்கொண்டே தமிழ் எழுதுகின்றன. அதனால் எந்த அமைப்பையும் தேடாமல் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் நேராக வந்துவிடும். அடோபி பிரீமியரில் தெற்காசிய எழுத்துக்கான இயந்திரத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் இது நடக்கும். அது தெரியாமல் நம்மூர் ஸ்டுடியோக்களில் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாமினியில் தட்டியதை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் கிடைப்பது ஆங்கில எழுத்துக் குப்பை.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை. தலைப்புக்குத் தடிமனாக வேண்டுமென்றால் பலூ தம்பி. எல்லாமே திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவை, வீடியோவில் போட யாரிடமும் கேட்க வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், ‘ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகள்’ என்பது போன் திரையில் ஒரே வரியில் படிக்கிற அளவுக்கு அடங்காது. இரண்டு வரியாக உடைத்து, கோடு தடித்த எழுத்தில் போடுங்கள். நீரின் வாய்பாட்டில் கீழே இறங்கி நிற்கும் 2-க்கு ஒருங்குறியிலேயே தனி எழுத்து இருக்கிறது. சிறிய எண்ணைக் கையால் இழுத்து வைக்காமல் அதை நகலெடுத்து ஒட்டுங்கள். சிக்கலான சமன்பாடென்றால் இங்க்ஸ்கேப்பில் வரைந்து பின்னணி இல்லாத படமாக ஏற்றுமதி செய்து கேடென்லைவில் மேல் டிராக்கில் வைப்பதே சுத்தம்.

முப்பரிமாண அனிமேஷன் செய்யும் ப்ளெண்டர் மட்டும் விதிவிலக்கு. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்விய நாட்டுப் படம் அதில் செய்ததுதான். திறமையில் அதற்குக் குறையில்லை. ஆனால் பல பதிப்புகளில் அதன் எழுத்துக் கருவி தமிழின் கொம்புகளை இடம் மாற்றிப் போட்டுவிடும். முப்பரிமாணத் தமிழ்த் தலைப்பு வேண்டுமானால் இங்க்ஸ்கேப்பில் தட்டி, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தைக் கோட்டோவியமாக்கி, அதை ப்ளெண்டரில் இறக்குங்கள். பாடம் எடுக்க இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

வசன வரிக்கு கேடென்லைவிலேயே விஸ்பர் என்ற பேச்சறி மாதிரியை இணைக்கும் வசதி இருக்கிறது. தமிழையும் கேட்டு எழுதும். ஆனால் நாம் வகுப்பில் பேசும் தமிழ் தெரியுமே, பாதி ஆங்கிலக் கலைச்சொல். ‘எலக்ட்ரான் கான்ஃபிகரேஷன்’ என்று சொன்னால் அது என்ன எழுதும் என்று சொல்ல முடியாது. நேரக் குறிப்புகள் கிடைக்கிறதே என்று எடுத்துக்கொண்டு வரிகளைக் கையால் திருத்துங்கள். வசனக் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும், இல்லையென்றால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் தெரியும். அதை வீடியோவோடு ஒட்டிவிடாமல் யூடியூபில் தனிக்கோப்பாக ஏற்றினால் வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம், பிழை தெரிந்தால் பிறகும் திருத்தலாம்.

‘டாவின்சி ரிசால்வும் காசில்லாமல்தானே கிடைக்கிறது, அதையே போட்டால் என்ன?’ என்று யாராவது சொல்வார்கள். நிறம் திருத்துவதில் அதற்கு நிகரில்லை, மறுக்கவில்லை. ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் கணினியில் அது நகராது. அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 கோப்பைப் படிக்காது, மேலே சொன்னபடி மாற்றிய பிறகு உங்கள் போன் வீடியோவெல்லாம் அதில்தான் இருக்கும். தவிர, அது காசு வாங்காத மென்பொருள், அவ்வளவே. எதை இலவசமாக விடுவது, எதைப் பூட்டுவது என்பது நிறுவனத்தின் விருப்பம். ஆடாசிட்டியை 2021-இல் மியூஸ் குழுமம் கையில் எடுத்தபோது பயனர் தரவு சேகரிப்பது பற்றிப் பெரிய சண்டை வந்தது. பிடிக்காதவர்கள் மூல நிரலை எடுத்து டெனாசிட்டி என்று தனியாகக் கிளை பிரித்துவிட்டார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. ரிசால்வில் அப்படியொரு சண்டை வந்தால் போட்டதை ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது வெளியேற வேண்டும்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. உங்கள் மாணவர் யாராவது சாலிகிராமம் பக்கம் எடிட்டிங் வேலைக்குப் போக ஆசைப்பட்டால் பிரீமியரும் ரிசால்வும் கற்காமல் முடியாது, அங்கே பிராஜெக்ட் கைமாறுவதே அவற்றில்தான். கல்யாண ஆல்பத்துக்கு வருகிற மினுமினுப்பு டெம்ப்ளேட்டுகளும் இந்தப் பக்கம் குறைவு. பாட வீடியோவுக்கு இரண்டும் தேவைப்படாது.

ஒரு பருவம் கழித்து லினக்ஸ் பற்றி யோசியுங்கள். லினக்ஸ் மின்ட் போதும். பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள்: வைஃபை பிடிக்கிறதா, மைக் கேட்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா. பழைய லேசர் பிரிண்டர்களில் சில லினக்ஸோடு ஒத்துப்போகவே போகாது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் யாராவது டேலியில் கணக்கு எழுதினால் விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் நிறுவுங்கள். தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99-உம் கிடைக்கும், ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். கேடென்லைவை மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்தில் இருந்து எடுத்தால் பழைய பதிப்பு வரலாம், எந்த லினக்ஸிலும் ஓடும்படி கட்டிய ஃபிளாட்பேக் வடிவில் எடுங்கள். அதில் தமிழ் நேராகத் தட்ட வராவிட்டால் டெக்ஸ்ட் எடிட்டரில் தட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

ஆசிரியர் ஒருவர் கேட்கும்போது எனக்குக் கேரளம் நினைவுக்கு வரும். அங்கே பள்ளிக் கல்வித் தொழில்நுட்பத்துக்கான அரசு நிறுவனமான கைட் வழியாக அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வியே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றப் பிள்ளைகள் அனிமேஷன் செய்கிறார்கள், பள்ளி விழாவைப் படம் பிடித்து எடிட் செய்கிறார்கள். நம்மிடமும் வழி திறந்துதான் இருந்தது. அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். அதை வகுப்பறையில் திறந்து காட்ட ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடுதான் கேரளத்து அளவுக்கு இங்கே இல்லை. கற்க வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்களில் கிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் போன்றவை தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. கணியம் தளத்தில் தமிழில் கட்டுரைகள் உண்டு. விழுப்புரம், காஞ்சிபுரம், சென்னை லினக்ஸ் பயனர் குழுக்களில் ஆள் கிடைப்பார்கள், கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம்.

உங்கள் பாடங்கள் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளிலும் சேர வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4-ஐ ஏற்காது. கேடென்லைவில் வெப்எம் வடிவில் இன்னொரு முறை ரெண்டர் எடுங்கள். பின்னணி இசையாகச் சினிமாப் பாட்டு எதையும் வைக்காதீர்கள், அங்கே உடனே நீக்கிவிடுவார்கள்.

கடைசியாக, காசு. மென்பொருளுக்குச் செலவழிக்காமல் மிச்சமானதில் முதலில் சட்டைக் காலரில் மாட்டும் வயர் மைக் ஒன்று வாங்குங்கள். வகுப்பறை எதிரொலியை எந்த மென்பொருளும் முழுசாக எடுக்காது. அடுத்தது எஸ்எஸ்டி, இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் உள்ளே இருக்கிறதென்றால். பிராக்ஸி கோப்புகள் எழுதவும் படிக்கவும் அதில்தான் நேரம் போகிறது. ரேம் அதற்குப் பிறகுதான். 8 ஜிபியில் கேடென்லைவை ஓட்டும்போது குரோமை மூடிவைத்தாலே போதும்.